சம்பந்தி வீட்டுப் பெட்டியில எங்கட டிஸ்க்

டொக்யார்ட் றோட்,
திருகோணமலை.
ஞாயிறு, பூசை முடிஞ்சு வந்த கையோட.

ஆர்ரா சின்னப்பிள்ளை? நானோ? சரி, அப்பிடியே வைச்சுக்கொள். சின்னப்பிள்ளைக்கும் முன்பல் இல்லை, எனக்கும் இல்லை, கணக்குச் சரி. பல்லுக்கு அனுப்பின காசு பல்லுக்குத்தான், மாமா வீட்டில படம் சேக்கிற பெட்டி இருக்கேக்க உங்களுக்கு என்னத்துக்கு டிஸ்க், சின்னப்பிள்ளை மாதிரி நடக்காதேங்கோ அப்பா எண்டு நீ போனுக்கு அனுப்பினதை அம்மா எனக்கு ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டினவ. முதல் தரம் எனக்காக, ரெண்டாந்தரம் தன்ர சந்தோசத்துக்கு. காட்டிக்குடுத்ததும் அவதான் எண்டு எனக்குத் தெரியும். நீ கேட்டதுக்கு நான் வாயால பதில் சொன்னால் நெற்வேர்க் இல்லை அப்பா எண்டு கட் பண்ணிப்போடுவாய், கடிதத்தைக் கட் பண்ண ஏலாது. கிழிக்கலாம், ஆனால் கிழிக்க முந்தி வாசிக்கத்தான் வேணும்.

முறைக்குக் கேக்கிறதையும் கேட்டுப்போட்டு மிச்சத்துக்கு வாறன். அன்பு மகன் ஜக்சன், நீயும் மருமகள் தர்சிகாவும் என்ர குஞ்சு நிலுஷாவும் அந்த நோர்வேக் குளிரில தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறியளோ? இஞ்ச நாங்கள் ரெண்டு பேரும் மாதாவின்ர காவலில எழும்பி நடமாடித் திரியிறம். அம்மாவுக்கு முழங்கால் நோகுது, எனக்கு வயிறு எரியுது. முழங்காலுக்கு எண்ணெய் பூசலாம், மற்றதுக்கு மருந்து உன்னட்டத்தான் இருக்கு.

ஏன் இந்தக் காலத்தில முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதிறார் எண்டு தர்சிகா கேப்பா. காரணம் இருக்கு. எழுதினதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினால், உன்ர போனுக்குள்ள வாற படமெல்லாம் தன்பாட்டில உப்புவெளிக்குப் போய் உன்ர மாமாவின்ர, அதுதான் எங்கட சம்பந்தியின்ர, பெட்டிக்குள்ள விழும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிய டீவியில என்ர கையெழுத்தையும் பிழையளையும் பாத்துச் சிவப்பு மையால திருத்துவார். அரசாங்கக் கச்சேரி வேலையில இருந்து பென்சன் எடுத்தாலும் அந்தக் குணம் பென்சன் எடுக்கேல்லை. அதால இது தபாலில வருது, படம் எடுக்காதே.

இப்ப கேள். போன முறை நீங்கள் வந்து நிக்கேக்க அந்தப் பெட்டியை உன்ர கையால நீதான் கொண்டுபோய் ஞானசேகரம் சம்பந்தி வீட்டில வைச்சனி. மாசாமாசம் ஆருக்கோ வாடகை கட்டி இன்ரநெற்றில படங்களை வைக்கிறதிலும் பாக்க எங்கட வீட்டிலயே ஒரு பெட்டி இருக்கட்டும், நாங்கள் வாடகை வீட்டுக்கு வாடகை வீடு மாறித் திரியிறம், ஊரில ஒரு இடத்தில கிடந்தால் பத்திரம் எண்டு சொன்னனி. நல்ல கதை. எங்கட வீடு எண்டு நீ சொல்ல, நானும் விசரன் இஞ்ச வரப்போகுதெண்டு நினைச்சு அலுமாரிக்கு மேல இருந்த மாதா சுருவத்தைக் கொஞ்சம் தள்ளி வைச்சு இடம் பண்ணினனான். பிறகு பாத்தால் மாமா வீட்டில ஃபைபர் லைன் இருக்கு அப்பா எண்டிட்டாய். அண்டைக்கு எங்கட ஒழுங்கைக்கு லைன் வரேல்லை, ஓம். இப்ப வந்திட்டுது, மதிலுக்கு மேலால வயர் தொங்குது, காகம் வந்து குந்துது. மாதா இன்னும் தள்ளித்தான் நிக்கிறா.

அங்க போய்ப் படம் பாக்கிறதெண்டால் என்னெண்டு உனக்குத் தெரியுமோ? நிலாவெளி பஸ்ஸில போய் இறங்கி, கேற்றில தட்டி, செருப்பைக் கழட்டி, சுகம் விசாரிச்சு, தேத்தண்ணி குடிச்சு முடியும் வரைக்கும் டீவி போடமாட்டார். ரிமோட் அவற்ற மடியில. எனக்கு ஓரக் கதிரை. என்ர சொந்தப் பேத்தி சைக்கிள் ஓடுறாள், இவர் நிப்பாட்டி நிப்பாட்டி, இதுதான் நிலுஷா சம்பந்தி, சைக்கிள் பழகிறா எண்டு எனக்கு விளங்கப்படுத்துவார். நான் என்ன கப்பல் ஓட்டப் பழகிறாள் எண்டோ நினைச்சன்? எங்கட வீட்டுப் பிள்ளையை எனக்கே அறிமுகம் செய்யிற மனுசன் அவர். நான் பிஸ்கட்டைத்தான் ரெண்டு கூடத் திண்டனான். அதிலும் பெரிய கொடுமை, பிள்ளை கமெராவைப் பாத்து அம்மப்பா இஞ்ச பாருங்கோ, அம்மப்பா இஞ்ச பாருங்கோ எண்டு கத்துறாள். அவளுக்குத் தெரியும் இதெல்லாம் அம்மப்பாவின்ர பெட்டிக்குப் போகுதெண்டு. இவ்வளவு படத்திலயும் அப்பப்பா எண்டு ஒரு சொல் இல்லை. எங்கட பழைய போனில பெட்டியில உள்ள படம் பாக்கிற அப் ஏறாதெண்டு உனக்குத் தெரியும், கண்ணாடி வேற வெடிச்சுப்போய்க் கிடக்கு. அப்ப நான் எங்க போய்ப் பாக்கிறது? ஓரக் கதிரையிலதான்.

அதுக்குத்தான் ஸெய்னுதீனிட்டப் போனனான். பஸ் நிலையத்துக்குக் கிட்ட கம்பியூட்டர் கடை வைச்சிருக்கிறாரே, உன்ர வயசுக்காரன், மூதூர் ஆள், நான் லோஞ்சுப் படகில கயிறு இழுத்த காலத்தில தகப்பனோட வந்து லோஞ்சில சத்தி எடுத்த பொடியன். சம்பந்தி வைச்சிருக்கிற பெட்டியை விட ஒரு படி பெரிசா ஒண்டு தா எண்டன். அவற்றயில எத்தினை டிஸ்க் போடலாம் எண்டு கேட்டார். ரெண்டு எண்டன். உங்களுக்கு எத்தினை வேணும் எண்டார். நாலு எண்டன். எத்தினை பேரப்பிள்ளை அண்ணன் எண்டார். ஒண்டு எண்டன். மனுசன் மேசையில கவிண்டு சிரிச்சுப்போட்டு, டிஸ்க்கை நிறுத்து வாங்கேலாது அண்ணன், மீனே இது எண்டு எனக்கு முழுக்க விளங்கப்படுத்தினவர். பெட்டியைச் செய்த கொம்பனியே எந்தெந்த டிஸ்க் தங்கட பெட்டிக்குப் பொருந்தும் எண்டு ஒரு பட்டியல் போட்டிருக்குதாம், அதில இல்லாததை எவன் மலிவாத் தந்தாலும் தொடாதேங்கோ எண்டார். வீட்டுக் கம்பியூட்டருக்குப் போடுற சாதாரண டிஸ்க் வேற, ஓய்வில்லாமல் ஓடுறதுக்கெண்டு செய்த டிஸ்க் வேற. கடையளில காவல் கமெராப் பெட்டிக்குள்ள கிடந்து கழட்டினதைத் துடைச்சுப் புதுசெண்டு விப்பினம், வேண்டாம். இன்னொரு சாதி இருக்காம், வீட்டுக்கு ஓடு வேயிற மாதிரி ஒண்டின்ர ஓரத்தில மற்றதை ஏத்தி எழுதிறது. நடுவில ஒண்டை மாத்திறதெண்டால் பக்கத்து ஓட்டையும் கிளப்பவேணும், பெட்டிக்குள்ள பெரிய வேலை வாற நேரம் அது இழுத்து இழுத்து நிண்டுபோனாலும் போகும், அதுவும் வேண்டாம் எண்டார். எல்லாத்துக்கும் தலையாட்டினனான். எந்தப் பெட்டி எண்டு நம்பர் கேட்டார், சொன்னனான். சம்பந்தியின்ர பெட்டி நம்பர் எனக்கு மனப்பாடம், ஓரக் கதிரையில இருந்து பாத்தால் அது ஒண்டுதான் வடிவாத் தெரியும். அவர் பட்டியலைப் பாத்து, இந்த டிஸ்க் அந்தப் பெட்டிக்கும் போகும், அதுக்கு மேல உள்ள பெட்டிக்கும் போகும், முதல் பெட்டியை எடுங்கோ, பிறகு டிஸ்க்கை எடுங்கோ, அதுதான் ஒழுங்கு எண்டார். நான் ஒழுங்கான ஆளில்லைத்தானே. பெட்டிக்குக் காணாது, டிஸ்க்குக்குக் காணும், டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்திட்டன். பல்லுக்கு இருந்த காசு அப்பிடித்தான் போனது. கட்டிலுக்குப் பக்கத்தில வைச்சு ஒருக்கா ஒருக்காத் தடவிப் பாப்பன். அம்மா, பல்லை விட இதுக்குப் பாரம் கூட எண்டு சொல்லிச் சிரிச்சவ.

வாங்கினதை ஒருத்தருக்கும் காட்டாமல் இருக்க எனக்கு ஏலுமோ? அடுத்த கிழமையே உப்புவெளிக்குப் போனன், கதையோட கதையா நானும் எடுத்திட்டன் எண்டு சொல்லி அவற்ற முகத்தைப் பாக்கிறதுக்கு. அவர் தேத்தண்ணி சொல்லக் குசினிப் பக்கம் போன நேரம் நான் எழும்பிப் போய்ப் பெட்டியைக் கிட்டப் பாத்தன். ரெண்டு டிஸ்க்குக்கும் முன்னால ஒவ்வொரு சின்ன லைட். ஒண்டு பச்சை. மற்றதுக்கு மேல, கேள் மகன், கறுப்புப் பொட்டு. உன்ர மாமி புஷ்பவதி நெத்தியில வைக்கிற ஒட்டுப் பொட்டு. எனக்கு உச்சியில ஏறிச்சுது. பிள்ளைக்குக் கண்ணூறு படாமல் கன்னத்தில கறுப்புப் பொட்டு வைக்கிற மாதிரி, என்ர கண் படக்கூடாதெண்டு பெட்டிக்கு வைச்சிருக்கினம்! வேற ஆற்ற கண்ணை நினைச்சு வைக்கிறது, அந்த வீட்டுக்கு அந்தப் பெட்டியைப் பாக்க எரிச்சலோட போற ஆள் நான் ஒருத்தன்தானே. வந்த கோவத்தில நகத்தால அந்தப் பொட்டைக் கிளப்பினன்.

கீழ செம்மஞ்சள் லைட் எரியுது.

சம்பந்தி வந்து பாத்திட்டார். என்னெண்டு கேட்டன். அது கொஞ்ச நாளா அப்பிடித்தான் சம்பந்தி, டீவி பாக்கேக்க கண்ணைக் குத்துது, அதான் இவ பொட்டை ஒட்டினவ எண்டார். சத்தம் ஒண்டும் போடேல்லையோ எண்டன். ஒருநாள் கீக் கீக் எண்டு கத்தினது, ஒரு பட்டனை அமத்தினன், அடங்கியிட்டுது எண்டு பெருமையாச் சொன்னார். பெட்டிக்கு வருத்தம் வந்தால் ஈமெயில் போகுமெண்டு நீ ஒழுங்கு பண்ணினது ஆற்ற ஈமெயிலுக்கு? அவற்றக்கு. அதின்ர பாஸ்வேர்ட்டை அவர் மறந்து எவ்வளவு காலம். எண்டாலும் படம் ஓடுதுதானே எண்டு சொல்லிப் பொட்டை வாங்கித் திருப்பி ஒட்டினார். இதை மருமகனுக்குச் சொல்லிக் கரைச்சல் குடுக்காதேங்கோ எண்டும் சொன்னார். அப்ப முகத்தைப் பாத்தன், மனுசனுக்குப் பயம். உள்ளுக்குத் தெரியும் ஏதோ பிழையெண்டு, நீ நம்பிக் குடுத்த சாமான் தன்ர கையில பழுதாப்போச்செண்டு சொல்ல வெக்கம்.

நேர ஸெய்னுதீனிட்ட வந்தன். அவர் சிரிக்கேல்லை. ஒரு டிஸ்க் செத்துப்போச்சு அண்ணன், மற்றது தனியா இழுத்துக்கொண்டு ஓடுது, அதுவும் அதே நாள் வாங்கினது, அதே கடல் காத்தைத்தான் குடிச்சது, அது நிண்டால் எல்லாம் போச்செண்டார். உனக்குப் போன் அடிச்சன், ஞாபகம் இருக்கோ, பிள்ளையின்ர பழைய வீடியோ எல்லாம் உன்ர போனில இருக்கோ எண்டு சும்மா கேக்கிற மாதிரிக் கேட்டன். இல்லை அப்பா, போன் நிறைஞ்சிட்டுது, எல்லாம் அழிச்சிட்டன், பெட்டியில பத்திரமா இருக்கு எண்டாய்.

உன்னட்ட ஏன் மறைக்கிறது, எனக்கு முதலில சந்தோசம்தான். அவற்ற பெட்டி படுத்தால் ரிமோட்டை மடியில வைச்சு என்ன செய்யப்போறார், ஃபைபர் லைனை என்ன செய்யப்போறார் எண்டு மனம் துள்ளினது. மீன் வாங்கப் போயும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு நிண்டன். பிறகு நிலுஷா முதல் முதல் நடந்து வந்து கமெராவில மூக்கை முட்டின படம் கண்ணுக்குள்ள வந்தது. அதில அவளின்ர மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கிப் புகாராகும். அதுவும் அந்தப் பெட்டிக்குள்ளதான், அந்த ஒத்தை டிஸ்க்கிலதான். மீன் வாங்காமல் வந்திட்டன், அம்மா ஏசினவ.

சொன்னால் சம்பந்தி கேக்கமாட்டார். உனக்குச் சொன்னால் நீ அவரைக் கேப்பாய், தர்சிகா அழுவா, அவர் என்ர முகத்தில முழிக்கமாட்டார். அம்மாதான் வழி சொன்னவ. சம்பந்தி வீட்டுக்குத் தட்டத்தில கொண்டுபோறதை வேண்டாமெண்டு சொல்ல அவையளுக்கு முறையில்லை, கலியாணத்துக்கு அவையள் கொண்டுவந்த தட்டத்தை நாங்கள் வாங்கினனாங்கள்தானே எண்டா. ஒற்றை எண்ணில போகவேணுமெண்டு மூண்டு தட்டம் சோடிச்சா. ஒண்டில கதலிப்பழமும் வெத்திலையும், ஒண்டில தான் அடிச்ச கேக், ஒண்டில என்ர பல், அதுதான் டிஸ்க், கீழ பட்டுத்துணி விரிச்சு. நான் ஒரு வேலை செய்தனான். குடுக்கிற பாத்திரத்தில பேர் வெட்டுறமாதிரி, ஒரு ஒட்டுத் துண்டில றொபேட் – இன்பமலர் எண்டு எழுதி டிஸ்க்கில ஒட்டினன். மூண்டாவது தட்டம் தூக்க ஆளில்லை, ஸெய்னுதீன் தூக்கினவர். ஓட்டோவில நாங்கள் மூண்டு பேரும் தட்டத்தோட போக, ஆருக்குப் பொம்பிளை பாக்கப் போறியள் எண்டு சந்தியில கேட்டாங்கள். எனக்குத்தான் எண்டன்.

சம்பந்தி வாசலில வந்து முதல் தட்டத்தை வாங்கினார், ரெண்டாவதை வாங்கினார், மூண்டாவதைப் பாத்துக்கொண்டு நிண்டார். புஷ்பவதி அவரைப் பாத்தா. இந்த மனுசன் இப்ப உள்ள போய்க் கதவைச் சாத்தினால் பிள்ளையின்ர படமெல்லாம் போச்சு எண்டு நினைச்சன். அவர் பேரை வாசிச்சார். பேரும் வெட்டியிருக்கிறியளோ எண்டார். சம்பந்தி வீட்டுக்குக் குடுக்கிற சாமான், பிற்காலத்தில ஆற்றயெண்டு தெரியவேணுமெல்லோ எண்டன். அவர் தோளில கிடந்த துவாயை எடுத்து இடுப்பில கட்டிப்போட்டு, ரெண்டு கையாலும் வாங்கினார். உள்ள போய்ப் பொட்டைத் தானே கிளப்பினார். தன்ர நெத்தியிலயே ஒட்டியிருப்பார், நான் பாத்துக்கொண்டு நிண்டதால விட்டிட்டார்.

ஸெய்னுதீன் முதல் கையை வைக்கேல்லை. கையோட கொண்டுவந்த வேற டிஸ்க் ஒண்டில, பெட்டிக்குள்ள இருக்கிறதெல்லாத்தையும் கொப்பி எடுத்த பிறகுதான் தொடுவன் எண்டு இருந்திட்டார். பிறகு செத்தது எந்தப் பக்கத்துது எண்டு சரி பாத்து, அதை இழுத்து, எங்கடயை உள்ள தள்ளினார். நல்லதை இழுத்தால் கதை முடிஞ்சுது எண்டு சொல்லிக்கொண்டு இழுத்ததால நாங்கள் ரெண்டு கிழவரும் மூச்சு விடேல்லை. பழைய டிஸ்க்கைப் பாத்துப் புது டிஸ்க் எழுத வெளிக்கிட்டுது. அந்த நேரம் பாத்து மழை, கரண்ட் போச்சு. உன்ர மாமா கந்தா எண்டார், நான் மாதாவே எண்டன், ஸெய்னுதீன் யா அல்லாஹ் எண்டார். ஆர் கேட்டதோ தெரியாது, கீழ வைச்ச யூ.பி.எஸ். அம்மாவின்ர குறட்டை மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டு கரண்ட் வரும்வரை தாங்கிச்சுது.

எழுதி முடியும்வரை புதுசா வந்த படங்களைப் பாத்தம். அதில நிலுஷா உன்ர கண்ணாடியை ஒளிச்சுப்போட்டு நீ தேடித் திரியிறதைப் பாத்துச் சிரிக்கிறாள். முன்பல் ரெண்டும் விழுந்து போச்சு, அந்த ஓட்டைக்குள்ளால நாக்கு எட்டிப் பாக்குது. எல்லாரும் சிரிச்சம், சம்பந்தி மட்டும் சிரிக்கேல்லை. ரிமோட்டால நிப்பாட்டிப்போட்டு டீவியைப் பாத்தார், என்ர வாயைப் பாத்தார். இந்தக் குறும்பும் சிரிப்பும் எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இல்லை எண்டார். குரலில என்ன இருந்ததெண்டு எனக்கு நல்லாத் தெரியும், எவ்வளவு காலமா எனக்குள்ள வைச்சிருந்த சாமான். காது கேக்கேல்லை சம்பந்தி, என்ன சொன்னீங்கள் எண்டு கேட்டன். திருப்பிச் சொன்னார். அம்மாவுக்குக் கேக்கேல்லையாம், ஒருக்காச் சொல்லுங்கோ எண்டன். திருப்பியும் சொன்னார், பாவம்.

அதால பல்லுக் கட்டுறதைப் பற்றிக் கதைக்காதே. அவளுக்கு முளைக்கட்டும், பிறகு நானும் கட்டுறன். அதுவரைக்கும் இந்த ஓட்டை சாட்சிக்குக் கிடக்கட்டும்.

இனி புத்திமதி, வாசிக்காமல் தாண்டாதே. ரெண்டு டிஸ்க் இருக்கெண்டு நெஞ்சை நிமித்தாதே. லோஞ்சில ரெண்டு எஞ்சின் பூட்டினால் ஒண்டு நிண்டாலும் மற்றதால கரைக்கு வரலாம், ஆனால் லோஞ் தாழ்ந்தால் ரெண்டும்தான் தாழும். நீ பிழையா ஒண்டை அழிச்சால் ரெண்டிலயும் அழியுமாம். அங்கயும் ஒரு கொப்பி எடுத்து உன்ர வீட்டில வைச்சிரு. ஈமெயிலை உன்ர பேருக்கு மாத்து. மற்றப் பழைய டிஸ்க்கும் கனநாள் தாங்காது, அது போகேக்க அவர் வாங்கட்டும், அதில ஞானசேகரம் – புஷ்பவதி எண்டு எழுதட்டும், அதுதான் நியாயம். அதுக்குப் பிறகும் எனக்கு நாலு டிஸ்க் போடுற பெட்டி ஒண்டு வேணும், அந்தக் கதை முடியேல்லை, மாதா தள்ளித்தான் நிக்கிறா. பொட்டுக் கதையை மாமாவிட்டக் கேட்டிடாதே, தர்சிகாவுக்கும் சிரிக்காமல் சொல்லு. குளிருக்குக் காதை மூடு. பிள்ளையை ஞாயிறில பூசைக்குக் கூட்டிக்கொண்டு போ, வெள்ளியில அவையளின்ர கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போ, ரெண்டு பக்கத்தாலயும் காவல் இருக்கட்டும். மாதா உங்கள் மூண்டு பேரையும் தன்ர முந்தானைக்குள்ள வைச்சிருக்கட்டும்.

இன்னும் ஒண்டு கேக்கவேணும், அதுக்குத்தான் இவ்வளவும் எழுதினது. அடுத்த முறை படம் எடுக்கேக்க பிள்ளையிட்ட

பொறு. இவ்வளவு நேரமும் அம்மா பக்கத்துக் கதிரையில இருந்து நான் வாசிக்க வாசிக்கக் கேட்டு, மீன் கதையை வெட்டு எண்டு கரைச்சல் தந்துகொண்டிருந்தவ. இப்ப புஷ்பவதி போன் அடிச்சவ. புதுசா ஒரு படம் வந்திருக்காம், சம்பந்தி டிஸ்க் கதையைப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறாராம், பிள்ளை உங்களை எல்லோ கூப்பிடுதாம் எண்டு சொல்லிக்கொண்டு அம்மா குடையை எடுத்திட்டா. என்னெண்டு கூப்பிடுதாம், கிழவன் எண்டோ அப்பப்பா எண்டோ எண்டு கேக்கிறன். நிலாவெளி பஸ் வருது, மிச்சத்தை நீங்களே வாசிச்சுக் கேளுங்கோ எண்டுபோட்டுப் போறா. முழங்கால் நோவெண்டவ, நடையைப் பாத்தியோ. கேற்றடியையும் தாண்டியிட்டா. எனக்கு முந்திப் பாக்கப் போறா, முன் கதிரையில இருக்கப் போறா

இப்படிக்கு,
செருப்பைத் தேடுற உன்ர அப்பா
றொபேட்